கட்டம் போட்ட நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். கதைகளைவிட, கடிதங்களுக்கு நீங்கள் எழுதும் பதில்கள்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். இலக்கியம் சம்பந்தமில்லாத ஒரு கேள்வியோடு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். எனக்குக் கீழே ஐந்து பேர். லீட் ஆனதிலிருந்து நேரமே போதவில்லை. அதனால் ஆறு மாதமாக டைம் பிளாக்கிங் செய்துவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து, வரும் வாரம் முழுவதையும் கேலண்டரில் அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்டுவிடுவேன். டிசைன் எழுத நீலம், மீட்டிங்குக்குப் பச்சை, மெயிலுக்கு மஞ்சள், வீட்டுக்கு ஆரஞ்சு. பார்க்க அழகாக இருக்கும். திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் எல்லாம் கலைந்துவிடும். நீலக் கட்டத்தின் மேலேயே மேனேஜர் ஒரு மீட்டிங் போடுவார். நான் சத்தமில்லாமல் நீலத்தை மாலைக்குத் தள்ளுவேன். மாலையில் க்ளையன்ட் கால் நீண்டுவிடும். மறுநாளைக்குத் தள்ளுவேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் வாரத்து நீலமெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். சனிக்கிழமை வீட்டிலிருந்து முடிப்பேன்.

ஒன்று மட்டும் நன்றாக நடக்கிறது. இரண்டு மீட்டிங்குக்கு நடுவே பத்து நிமிடம் கிடைத்தால்கூட நான் வீணாக்குவதில்லை. டீமில் யாரையாவது சாட்டில் பிங் செய்து என் சின்னச் சின்னச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டுவிடுவேன்.

எனக்கு ஒழுக்கம் போதவில்லை என்று தோன்றுகிறது. கட்டம் அரைமணி இருக்க வேண்டுமா, ஒன்றரை மணி இருக்க வேண்டுமா? காலை ஐந்து மணிக்கு எழுந்து நீலத்தை முடித்துவிடலாமா? நீங்கள் இத்தனை வருடமாகத் தினமும் எழுதுகிறீர்களே, என்ன ஆப் பயன்படுத்துகிறீர்கள்?

என் பெயரைப் போட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச காலமாக நான் வங்கியில் வேலை பார்த்த நாட்களைப் பற்றிக் குறிப்புகள் எழுதிவருகிறேன். பகல் இரண்டு மணிக்குப் பிறகு ஒரு கிளைக்குள் என்ன நடக்கும் என்கிற பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. மனம் ஏற்கனவே அங்கேதான் இருந்தது என்பதால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில், ஒழுக்கம் போதவில்லை என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதிய வரியை அடித்துவிடுங்கள். வாரம் முழுக்க உழைத்து, சனிக்கிழமையும் உழைத்து, ஞாயிறு இரவு பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அடுத்த வாரத்தைத் திட்டம் போட உட்காருகிற ஒருவருக்கு ஒழுக்கத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வரியை வாசித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. உங்கள் வயதுள்ளவர்கள் பலர் இதே வரியை எனக்கு எழுதுகிறார்கள். அலுவலகத்தில் எது தவறினாலும் அதைத் தங்கள் குணக்கேடாக எடுத்துக்கொள்ள எப்படியோ பழகியிருக்கிறீர்கள்.

கேள்விகளுக்கு வருகிறேன். அரைமணியா, ஒன்றரை மணியா என்பது பெரிய விஷயமில்லை. எழுதும் வேலைக்கு ஒன்றரை மணி வையுங்கள், மெயிலுக்கு அரைமணி போதும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தோன்றுகிறதோ அதில் இன்னொரு பாதியைக் கூட்டிப் போடுங்கள். 1994-ல் ரோஜர் ப்யூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்று வந்தது. ஆனது 55.5 நாள். மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம், இதற்காக வருந்த வேண்டாம்.

ஐந்து மணிக்கு எழுவது வேண்டாம். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு அப்போது ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். விடிகாலையில் எழுந்தால் உலகத்தை வெல்லலாம் என்று மேடையில் பேசுகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் அதே நேரத்தில் வேறு யாரோ எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆரஞ்சுக் கட்டம் உங்கள் கேலண்டரில் மட்டும்தான் இருக்கிறதா, உங்கள் கணவருடைய கேலண்டரிலும் இருக்கிறதா? அலாரம் வைப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை வீட்டில் பேசிவிடுங்கள்.

ஆப் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எதற்காவது வருடச் சந்தா கட்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

சரி, இப்போது நான் சொல்ல விரும்புவதைச் சொல்கிறேன்.

டைம் பிளாக்கிங் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினில் தொடங்குவார்கள். ஃபிலடெல்ஃபியாவில் அச்சகம் நடத்தியவர். தன் சுயசரிதையில் ஒரு நாளுக்கான அட்டவணையைக் கொடுத்திருக்கிறார். ஐந்து மணிக்கு எழுவது, எட்டு மணிக்கு வேலை, மதியம் கணக்குப் பார்ப்பதும் சாப்பாடும், மறுபடி வேலை, மாலையில் பொருட்களை அதனதன் இடத்தில் வைப்பது, பத்து மணிக்குத் தூக்கம். அந்தப் பக்கத்தின் படம் வாட்ஸ்அப்பில் எனக்கே பலமுறை வந்திருக்கிறது. அதையொட்டி அவர் எழுதியிருப்பதை மட்டும் யாரும் அனுப்புவதில்லை. பதின்மூன்று நற்குணங்களைப் பயில முயன்றதில் தன்னை அதிகம் படுத்தியது 'ஒழுங்கு'தான் என்கிறார். காரணமும் சொல்கிறார். அச்சகத்தில் கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி போலத் தன் நேரம் தன் கையில் இருப்பவனால் அப்படி ஓர் அட்டவணையைக் கடைப்பிடிக்க முடியலாம். முதலாளியால் முடியாது, நாலு பேர் தங்களுக்குத் தோதான நேரத்தில் வருவார்கள், அவர்களைப் பார்த்தாக வேண்டும் என்கிறார்.

நன்றாகக் கவனியுங்கள். அன்றைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த தொழிலாளியை யாரும் கூப்பிடவில்லை. வந்தவர்களெல்லாம் முதலாளியிடம் போனார்கள். குறுக்கீடுகளை வாங்கிக்கொள்வது தலைமையில் இருப்பவனுடைய வேலையாக இருந்தது. இன்றைய அலுவலகத்தில் இது தலைகீழாகிவிட்டது. மேலே இருப்பவரின் அறைக்குள் போக நேரம் கேட்டு வாங்க வேண்டும். கீழே இருக்கிற பையனை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். யாருடைய கையில் உண்மையான வேலை இருக்கிறதோ அவர் நேரம்தான் திறந்து கிடக்கிறது.

நான் 1970களின் இறுதியில் பட்டுக்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது கணினி கிடையாது. பொதுமக்களுக்குக் காலை பத்து மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை, சனிக்கிழமை பன்னிரண்டு வரை. வாசலில் பலகை தொங்கும். இரண்டு அடித்ததும் வாட்ச்மேன் கொலாப்சிபிள் கேட்டை முக்கால்வாசி இழுத்துவிடுவார். பித்தளை டோக்கனோடு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டால் அப்புறம் தொடங்குவதுதான் நிஜமான வேலை.

(இரண்டு மணிக்குக் கேட்டைச் சாத்தியதால் பஸ் பிடித்து வந்த கிராமத்து ஜனங்கள் வெயிலில் திரும்பிப் போனார்களே என்று யாராவது எழுதுவீர்கள். உண்மைதான். அது தனி விவாதம், இன்னொரு நாள் பார்ப்போம்.)

அன்றைய வவுச்சர்களையெல்லாம் தலைப்புவாரியாகப் பிரிக்க வேண்டும். லெட்ஜர் லெட்ஜராகப் பட்டியல் எழுதிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைகளை டே புக்கில் ஏற்றி, கேஷியர் எண்ணி வைத்திருக்கும் ரொக்கத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இது போக பேலன்சிங் என்று ஒன்று உண்டு. சேமிப்புக் கணக்கு லெட்ஜர் ஒவ்வொன்றிலும் இருக்கிற எல்லாக் கணக்குகளின் இருப்பையும் தனிப் புத்தகத்தில் வரிசையாக எடுத்தெழுதிக் கூட்டுவோம். அது, கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் ஜெனரல் லெட்ஜரில் உள்ள தொகையோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் ஒத்துப்போகாது. டிஃபரன்ஸ் வரும்.

டிஃபரன்ஸ் தேடுவது ஒரு கலை. புத்தகத்தில் படித்ததில்லை, மூத்தவர்கள் வாயால் சொல்லித்தந்தார்கள். உதைக்கும் தொகை ஒன்பதால் வகுபடுகிறதா என்று முதலில் பார். வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. 4,520 என்பதை 4,250 என்று எழுதியிருப்பார்கள், வித்தியாசம் 270 வரும். இரட்டைப்படை எண்ணாக இருந்தால் அதில் பாதியைத் தேடு. 86 ரூபாய் உதைத்தால் எங்கோ ஒரு 43 ரூபாய் வரவில் போக வேண்டியது பற்றில் போயிருக்கலாம். இதிலெல்லாம் சிக்கவில்லையென்றால் உட்கார்ந்து திரும்பக் கூட்ட வேண்டியதுதான். மேலிருந்து கீழே ஒருவர், கீழிருந்து மேலே இன்னொருவர்.

நீளமான ஓர் எண் வரிசையை மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டு வருகிறவரிடம், முக்கால்வாசி இறங்கிய பிறகு, "சார், அந்தக் குண்டூசி டப்பா எங்கே?" என்று ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? கேட்டவருக்கு இரண்டு விநாடிதான் செலவு. கூட்டுகிறவர் முதல் வரிக்குத் திரும்பிப் போக வேண்டும். பேலன்சிங் நாளில் இப்படி நாலு பேர் கேட்டால் கடைசி பஸ்ஸும் போய்விடும்.

எங்கள் கிளையில் அக்கவுண்டன்ட் ஒருவர் இருந்தார். மேனேஜருக்கு அடுத்த இடம். அதிகம் பேச மாட்டார். தன் மேசையை வேண்டுமென்றே கேட்டுக்கும் எங்கள் மேசைகளுக்கும் நடுவில் போட்டுக்கொண்டிருந்தார். கிளைக்கு இருந்த ஒரே டெலிபோனும் அவர் மேசையில். இரண்டு மணிக்குமேல் கூட்டலில் இருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். எதுவாக இருந்தாலும் ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். மேனேஜருக்கு ஒரு வாடிக்கையாளரின் விவரம் வேண்டுமென்றாலும் சீட்டுதான். நாலு மணிக்கு எழுந்து அவரவர் மேசையில் சீட்டுகளை வைத்துவிட்டுப் போவார். பாதிச் சீட்டுகளுக்கு அதற்குள் அவரே பதில் கண்டுபிடித்திருப்பார்.

ஒருநாள் மூன்று மணி வாக்கில் ஒரு விவசாயி கையில் தந்தியோடு கேட்டருகே நின்றார். தஞ்சாவூரில் மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க வேண்டும். கேஷியர் இன்னும் பெட்டியைப் பூட்டவில்லை. அக்கவுண்டன்ட் எழுந்து போய் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தார். படிவத்தை அவரே எழுதினார். அலமாரியிலிருந்து லெட்ஜரை அவரே தூக்கிவந்து, கூட்டல் முடித்துச் சும்மா இருந்த ஒரு கிளார்க்கிடம் பதியச் சொன்னார். கையெழுத்தைச் சரிபார்த்து பாஸ் செய்தார். கால் மணியில் அந்த மனிதர் பணத்தோடு பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினார். இடையில் கூட்டிக்கொண்டிருந்த ஒருவர் உதவிக்கு எழப்போனார். "நீங்க உங்க வேலையைப் பாருங்க. இதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றார் அக்கவுண்டன்ட், திரும்பிப் பார்க்காமலே.

அவருடைய மேசையில் கட்டம் போட்ட தாள் எதுவும் இருந்ததில்லை. எங்கள் யாரிடமும் இருந்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தது, வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதைக் காக்க ஓர் ஆள் தன் நேரத்தைக் கொடுத்தார். டைம் பிளாக்கிங் என்று நீங்கள் சொல்வதற்கு இந்த மூன்றும் வேண்டும். உங்கள் நீலக் கட்டம் உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கிறது. ரகசியத்தை மற்றவர்கள் மதிக்கவில்லை என்று எப்படிக் குறைப்பட முடியும்?

இப்போது கொஞ்சம் கோபமாகவே ஒன்று சொல்லப் போகிறேன். உங்கள் கடிதத்தில் 'ஒன்று மட்டும் நன்றாக நடக்கிறது' என்று பெருமையாக ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே மோசமான பத்தி அதுதான்.

இரண்டு மீட்டிங்குக்கு நடுவே உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது. அதை வீணாக்காமல் இருக்க ஐந்து பேரில் ஒருவரைப் பிங் செய்கிறீர்கள். அந்த ஒருவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? அவரும் காலையில் ஒரு நீலக் கட்டம் போட்டிருப்பார், அல்லது போடத் தெரியாமல் மனதுக்குள் வைத்திருப்பார். ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு நாலு ஃபைல் தாண்டி ஐந்தாவது ஃபைலுக்குள் போயிருப்பார். அப்போது திரையின் ஓரத்தில் லீடின் பெயர் வருகிறது. லீடிடமிருந்து வந்தால் யாரும் காத்திருக்க வைக்க மாட்டார்கள். விட்டுவிட்டு வருவார். உங்கள் சின்னச் சந்தேகம் தீர்ந்துவிடும். நீங்கள் அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவீர்கள். அவர் முதல் வரிக்குத் திரும்பிப் போவார். அடுத்த இடைவெளியில் இன்னொருவர்.

உங்கள் மேனேஜர் உங்கள் நீலத்தின்மேல் மீட்டிங் போடும்போது உங்களுக்கு வலிக்கிறது. அதையேதான் நீங்கள் ஐந்து பேருக்கும் செய்கிறீர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. மேனேஜர் கேலண்டரில் இன்வைட் அனுப்பி, முன்கூட்டிச் சொல்லிவிட்டாவது எடுக்கிறார். நீங்கள் சொல்லாமலே எடுக்கிறீர்கள். உங்களுக்கு வலிக்கிற மாதிரி அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் வலிக்கும், ஆனால் அவருக்கு அதை யாரிடமும் எழுதக்கூடத் தோன்றாது, ஏனென்றால் அது மீட்டிங்காகக் கணக்கில் வராது. டைம்ஷீட்டில் எந்த வரியிலும் இருக்காது. அன்று மாலை அவருடைய வேலை முடியாதபோது நீங்களே அவரிடம் கேட்பீர்கள், ஏன் முடியவில்லை என்று. அவர் தனக்கு ஒழுக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

சின்னச் சந்தேகம்தானே என்பீர்கள். பால் கிரகாம் என்ற அமெரிக்க நிரலாளர் 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார். மேனேஜர்களின் நாள் மணிமணியாக வெட்டப்பட்டது. ஒரு மணி நேரத்தை எடுத்தால் அந்த ஒரு மணிதான் போகும். நிரல் எழுதுபவர்களுக்கு அரைநாள்தான் அலகு; மதியம் நடுவில் ஒரே ஒரு மீட்டிங் வைத்தால் இரண்டு பக்கமும் எதற்கும் உதவாத துண்டுகள் மிஞ்சும் என்றார். நீங்கள் போன வருடம்வரை இரண்டாவது வகையில் இருந்தவர். அதற்குள் மறந்துவிட்டதா? அதே ஆண்டில் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் காட்டினார்: ஒரு வேலையை முடிக்காமல் விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புது வேலை அந்த அளவுக்குக் கெடுகிறது. உங்களுக்குப் பதில் சொல்லும்போது அந்தப் பையனின் பாதி மனம் ஐந்தாவது ஃபைலில் இருக்கிறது. திரும்பிப் போன பிறகு, உங்களுக்குச் சொன்ன பதில் சரிதானா என்று ஒரு பகுதி உங்களிடம் இருக்கிறது.

"ஆனால் வேலை நடந்துவிடுகிறதே சார்" என்று நீங்கள் சொல்லக் கூடும். நடக்கும். குளோரியா மார்க் என்பவர் இதை ஆராய்ந்து 2008-ல் எழுதியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் குறுக்கீடு செய்யப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. கூடியது மன அழுத்தமும் எரிச்சலும் அவசரமும். ஈடுகட்டுவதற்காக வேகத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். இழந்த நேரத்துக்கு ஈடாகத் தங்கள் உடம்பிலிருந்து கொடுக்கிறார்கள். லீடுக்கு அது தெரிவதே இல்லை, ரிப்போர்ட்டில் எல்லாம் ஒழுங்கு என்று பச்சையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் டீமில் யாருக்கும் வெறும் 'ஹாய்' என்று மட்டும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டு அவர் பதிலுக்கு ஹாய் சொல்லும்வரை காத்திருப்பது, அப்புறம் 'டைப்பிங்' என்று வருவது, அதற்குள் அவருடைய வயிறு கலங்குவது. என்ன கேட்க வேண்டுமோ அதை முழுதாக எழுதுங்கள். அல்லது ஒரு தாளில் சேர்த்து வையுங்கள். நாலு மணிக்குக் கேட்டால் போதும். பாதிக் கேள்விகளுக்கு அதற்குள் உங்களுக்கே பதில் கிடைத்திருக்கும். எங்கள் அக்கவுண்டன்டுக்குக் கிடைத்தது.

இதெல்லாம் பழைய வங்கிக்குச் சரி, மென்பொருளுக்குப் பொருந்துமா என்று சந்தேகம் வந்தால், லெஸ்லி பெர்லோ என்பவர் செய்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களோடு இருந்து அவர்கள் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தார். 1999-ல் வெளியான ஆய்வு அது. எல்லோரும் நேரமில்லை என்று தவித்தார்கள். பகலில் ஒருவரையொருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தார்கள், மேலாளர்கள் வந்து வந்து நிலவரம் கேட்டார்கள், தங்கள் வேலையை இரவிலும் வார இறுதியிலும் செய்தார்கள். பெர்லோ அவர்களை ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வைத்தார். வாரத்தில் மூன்று நாள், மதியம் பன்னிரண்டு வரை, யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. மேலாளரும் கூடாது. அந்தத் தயாரிப்பு குறித்த தேதியில் வெளியானது. அந்தப் பிரிவில் அது அபூர்வம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்தது. ஆய்வு முடிந்து அவர் கிளம்பிய பிறகு அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. எல்லோருக்கும் பலன் தெரிந்திருந்தும் பழையபடி ஆகிவிட்டது. நெருக்கடியில் ராத்திரி பகலாக உட்கார்ந்து காப்பாற்றியவனுக்கே பாராட்டு கிடைக்கும் இடத்தில், காலை முழுக்க அமைதியாக வேலை பார்த்தவனை யார் கவனிப்பார்கள்? எங்கள் கிளையிலும் அக்கவுண்டன்ட் மாற்றலாகிப் போன பிறகு சீட்டு முறை நின்றது. வந்தவர் நல்லவர்தான். ஆனால் அவரே எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று, "என்ன, டேலி ஆயிடுச்சா?" என்று கேட்பார்.

உங்கள் மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் மேலே யாராவது இருப்பார்கள். உங்கள் மேல்தான் வருத்தம். 'சத்தமில்லாமல் தள்ளுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் சத்தமில்லாமல்? கட்டத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? 'பிஸி' என்று மட்டும் இருந்தால் யார் மதிப்பார்கள்? எந்த டிசைன், யாருக்கு, என்றைக்குத் தர வேண்டியது என்று அந்தக் கட்டத்திலேயே எழுதி வையுங்கள். அதன்மேல் இன்வைட் வந்தால் உடனே நீலத்தைத் தூக்காதீர்கள். "இந்த நேரத்தை எடுத்தால் டிசைன் வெள்ளிக்குப் பதில் அடுத்த செவ்வாய்தான் வரும், எது முக்கியம் என்று சொல்லுங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். மரியாதையான வரிதான் அது. பத்து தடவையில் சில தடவையாவது மீட்டிங் தள்ளிப்போகும். தள்ளிப்போகாதபோது செவ்வாய் என்பது அவருடைய முடிவாக இருக்கும், உங்கள் குற்றமாக இருக்காது.

நீங்கள் செய்வது வேறு. மீட்டிங்குக்கும் போகிறீர்கள், வெள்ளி என்ற தேதியையும் காப்பாற்றுகிறீர்கள், இடையில் உதைக்கிற தொகையைச் சனிக்கிழமையிலிருந்து எடுத்துப் போடுகிறீர்கள். எங்கள் வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. கண்டுபிடிக்க முடியாத டிஃபரன்ஸை அப்போதைக்கு அதில் போட்டுவைத்துப் புத்தகத்தை டேலி செய்வார்கள். உங்கள் சனிக்கிழமை அந்தக் கணக்குதான். ஆனால் சஸ்பென்ஸில் கிடக்கிற ஒவ்வொரு தொகைக்கும் இன்ஸ்பெக்‌ஷனில் பதில் சொல்லியாக வேண்டும், அப்படியே விட முடியாது. உங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமைகளைக் கேள்வி கேட்க யாரும் வரப்போவதில்லை. நீங்களே இழுத்து மேலே வைத்தால்தான் மேனேஜருக்கு அது கண்ணில் படும். மாதத்தில் எத்தனை சனிக்கிழமை எதற்காகப் போனது என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். குறையாகச் சொல்ல வேண்டாம், கணக்காகக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். இந்தத் திங்கட்கிழமை ஐந்து பேரையும் உட்காரவைத்து, ஒரு நாளில் எந்த இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் அவர்களுக்கு உதவும் என்று கேளுங்கள். நீங்கள் முடிவு செய்து அறிவிக்காதீர்கள், அவர்களைச் சொல்ல விடுங்கள். அந்த நேரத்துக்குள் க்ளையன்டோ மேனேஜரோ அவர்களில் யாரையாவது தேடினால் முதலில் உங்களிடம் வரட்டும். உங்கள் நீலக் கட்டம் அந்த நேரத்தில் வராது, வேறு நேரம் பாருங்கள். லீடுக்கு அது வாய்ப்பதில்லை. ஃபிராங்க்ளினுக்கே வாய்க்கவில்லை.

முதல் நாள் அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், 'பரவாயில்லை மேடம், உங்களுக்கு எப்போ வேணும்னாலும் பிங் பண்ணுங்க' என்பார்கள். நம்பாதீர்கள். இரண்டு நாள் கழித்துத் தனித்தனியாகக் கேளுங்கள். டீமிலேயே சின்னவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதைத் தளத்தில் போட மாட்டேன்.

அன்புடன்